விடலியல்: கணக்குப் பரீட்சைக்கு முந்தைய இரவு குறித்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

தமிழகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் பேர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறார்கள். கணக்குப் பரீட்சைக்கு முன்னால் படிக்கட்டும் என்று அரசும் கருணையோடு விடுமுறை விடுகிறது. தேர்வுக்காலம் மார்ச், ஏப்ரலில் வருவதால் அந்த விடுமுறையை ஐபிஎல் எடுத்துக்கொள்கிறது. கடைசியில் மிஞ்சுவது ஓர் இரவு. ஒரு வருஷப் பாடமும் அந்த ஓர் இரவும் நேருக்கு நேர் சந்திக்கும்போது நடப்பது என்ன என்பதே இவ்வாய்வின் பொருள்.

நாரையின் காலுக்கும் நண்டின் வளைக்கும் தலைவியின் கழன்ற வளையலுக்கும் கட்டுரை கண்ட நம் ஆய்வுலகம் இந்த இரவை மட்டும் கண்டுகொள்ளவில்லை. இவ்வாய்வாளர் ஒரு நூலகத்தில் ஓர் அலமாரியின் மேல்தட்டைத் துழாவினார், ஒன்றும் அகப்படவில்லை. கீழ்த்தட்டுக்குக் குனிய முதுகு இடம் தரவில்லை. ஆகவே இப்பொருளில் இதுவே முதல் ஆய்வு என்று துணியப்படுகிறது. முன்னோடி ஆய்வுகள் பலவும் இப்படித்தான் முன்னோடி ஆயின என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கருதுகோள் வருமாறு: ஓர் இரவில் கணக்கைப் படிக்க முடியாது, எதை விடுவது என்பதைப் படிக்க முடியும். இதே வாக்கியம் முடிவுரையில் 'அறியமுடிகின்றது' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் வரும். இடையில் சான்றுகள் நிரப்பப்படும்.

2. ஆய்வு எல்லை

காலம்: முந்தின நாள் விளக்கு வைக்கும் நேரம் முதல் மறுநாள் காலை 10.15 வரை. பத்து மணிக்கு வினாத்தாள் கைக்கு வருகிறது. வாசிக்க 10 நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம், அதன்பிறகுதான் விடை எழுதலாம். அந்தப் 10 நிமிடமும் படிக்கும் நேரத்தில்தான் சேர்த்தி என்பது கடைசி பெஞ்ச் மரபு.

சிபிஎஸ்இ: வேறு வாரியம், வேறு வேதனை. விடப்பட்டது.

பன்னிரண்டாம் வகுப்பு: அச்சம் காரணமாக விடப்பட்டது.

2020, 2021: கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வே ரத்தாகி எல்லோரும் தேர்ச்சி பெற்ற ஆண்டுகள். சான்று கிடைக்காத காலத்தை இருண்ட காலம் என்பது நம் வரலாற்றாசிரியர் வழக்கம். அந்த வழக்கப்படி இவ்விரண்டும் இத்துறையின் களப்பிரர் காலம். அந்த இருட்டில் வாழ்ந்த மாணவர்கள் மிகுந்த வெளிச்சத்தோடு இருந்ததாகவே தெரிகிறது.

3. முன்னோர் வழி

எந்தப் பொருளானாலும் அது பழந்தமிழரிடம் இருந்தது என்று நிறுவிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். மரபு மீறப்படவில்லை. காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ண வழி சொல்லியிருக்கிறது. காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். 50 முள் என்றால் 60 சுளை. ஏன் ஆறு, ஏன் ஐந்து என்று கேட்கக் கூடாது. நிரூபணம் இல்லாத சூத்திரம், திறந்து பார்க்காமலே விடை என ஓரிரவுப் படிப்பின் இரண்டு தூண்களும் அங்கேயே நாட்டப்பட்டுவிட்டன. நம் மாணவன் பழத்துக்குப் பதில் பாடநூலை வைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

அடுத்து, கைடு. கைடு வைத்துப் படிப்பதை இழிவாகப் பேசும் பெரியவர்களுக்கு ஒரு தகவல். கும்பகோணத்தில் படித்துக்கொண்டிருந்த சீனிவாச ராமானுஜனின் கைக்கு வந்து அவரைக் கணக்குப் பித்தராக்கிய நூல், ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்பவர் தொகுத்தது. கார் லண்டனில் தனிப்பயிற்சி ஆசிரியர். நம் பேச்சில் டியூஷன் வாத்தியார். பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்ய அவர் திரட்டிய சுமார் 5,000 முடிவுகள் எண்ணிட்டு அடுக்கப்பட்டிருந்தன. நிரூபணம் இருந்தால் ஒரு கோடி காட்டியதோடு சரி. அதாவது, கைடு. அதில் இல்லாத நிரூபணங்களை ராமானுஜன் தாமே கண்டுபிடித்துக்கொண்டார் என்பது இவ்வாய்வுக்கு உதவாத செய்தி, ஆகவே குறிப்பிடப்படவில்லை. அவரே கணக்கைப் பிடித்துக்கொண்டு மற்ற பாடங்களை விட்டதால் எஃப்.ஏ. தேறாமல் போனார் என்பது உதவும் செய்தி. விடுவது பெரிதல்ல, எதை விடுகிறோம் என்பதே பெரிது.

மூன்றாவதாக, வெளிநாட்டுப் பெயர் ஒன்று இல்லாவிட்டால் கட்டுரைக்கு மதிப்பில்லை. 1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தாமே உருப்போட்டு, அவை எவ்வளவு சீக்கிரம் மறந்துபோகின்றன என்று அளந்து நூலாக வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. பொருளற்ற அசைகளை அவர் மெனக்கெட்டு உண்டாக்கினார் என்பதுதான் பரிதாபம். கொசெக் தீட்டா, செக் தீட்டா, காட் தீட்டா என்று நம்மிடம் வேண்டிய மட்டும் இருந்தன.

4. கருவிகள்

ஜாமெட்ரி பாக்ஸ்: உள்ளே டிவைடர் உண்டு. எதற்கு என்று எவரும் அறியார்.

காம்பஸ்: திருகு தளர்ந்தது. வட்டம் தொடங்கிய இடத்துக்கு வந்து சேராது.

சூத்திரத்தாள்: ஒரு பக்கத்தில் எல்லாச் சூத்திரமும். எழுதி முடித்து, நாலு வண்ண ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டு, அளவியலுக்குப் பச்சையா ஊதாவா என்று தீர்மானிப்பதற்குள் மணி பதினொன்று.

அம்மா: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கதவருகே தோன்றும் ஒலிக்கருவி.

"என்னடா, எங்க இருக்க?"

"ரிவிஷன் ஓடிட்டிருக்கும்மா."

"காலையிலயும் இதேதானடா சொன்ன?"

"அது ஃபர்ஸ்ட் ரிவிஷன்."

புத்தகத்தின் முதுகு அப்போதுதான் முதல்முறையாக மடங்கும் ஓசை கேட்கிறது (அத்தை, வாய்மொழிச் சான்று).

5. படிப்போர் வகை

அ) சென்டம் வகை. பத்து மணிக்குத் தூங்கிவிடுவார்கள். ஆய்வுக்குப் பயனில்லை.

ஆ) 'ஒண்ணுமே படிக்கல' வகை. இரவு ஒன்பதரைக்கு நண்பனைப் போனில் அழைத்து, "நீ எவ்ளோ முடிச்ச?" என்று கேட்பார்கள். "ஒண்ணுமே படிக்கலடா" என்று பதில் வரும். இருவரும் ஆறுதல் அடைவார்கள். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார்; அவர் யார் என்பது ரிசல்ட் அன்று தெரியும்.

இ) நேரலை வகை. நள்ளிரவில் யூடியூபில் ஒரு சார் தோன்றி, இதை மட்டும் பார்த்தால் போதும், ஐம்பது மார்க் கன்ஃபார்ம் என்பார். அவர் காட்டும் 'இம்பார்ட்டன்ட்' பட்டியலை எண்ணினால் பாடநூலில் உள்ளவற்றைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும்.

ஈ) கும்பிடு வகை. ஹால்டிக்கெட்டைப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுப்போர். சமயவியல் துறைக்கு மாற்றப்பட்டனர்.

6. விடலியல்

இனி ஆய்வின் உயிர்நிலை. விடுதல் பற்றிய முறையான அறிவே விடலியல். 'அந்தச் சாப்டரை விட்டுடலாம்டா' என்ற வாக்கியத்தைச் சோம்பேறித்தனமாகக் காண்பது மேலோட்டப் பார்வை. அதன் பின்னால் உள்ள கணக்கைப் பார்ப்போம்.

வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14; அனைத்தும் எழுத வேண்டும். இரண்டு மதிப்பெண் 14 கொடுத்து 10 கேட்கிறார்கள். ஐந்து மதிப்பெண்ணிலும் 14 கொடுத்து 10. எட்டு மதிப்பெண்ணில் வடிவியலும் வரைபடமும், ஒவ்வொன்றுக்கும் 'அல்லது' உண்டு. அச்சிட்டிருப்பதைக் கூட்டினால் 14 + 28 + 70 + 32 = 144. கேட்பது 100. ஆக 44 மதிப்பெண்ணை அரசே விடச் சொல்கிறது. விடலியலுக்கு இதைவிடப் பெரிய அரசு அங்கீகாரம் வேண்டியதில்லை. மொத்தம் 144 என்று வருவதும், ஊரில் நாலு பேர் சேர்ந்து நிற்கக் கூடாது என்னும் தடை உத்தரவின் எண் 2024 வரை 144-ஆக இருந்ததும் தற்செயல் அல்ல என்று வாதிட இடமுண்டு. தேர்வறையிலும் நாலு பேர் சேர்ந்து எழுதக் கூடாது.

மேலும் நுணுகினால், இரண்டு மதிப்பெண் பகுதியில் 28-ஆம் வினா கட்டாயம். மீதிப் 13-இல் 9 எழுத வேண்டும். இதை 715 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஐந்து மதிப்பெண் பகுதியில் 42-ஆம் வினா கட்டாயம், அங்கும் 715. எட்டு மதிப்பெண்ணில் 4 விதம். பெருக்கினால் 20,44,900. ஒரே வினாத்தாளை 20 லட்சத்துச் சொச்சம் விதமாக எழுதலாம்! தேர்வு எழுதும் அத்தனை பேருக்கும் ஆளுக்கு இரண்டு விதம் வீதம் கொடுத்தாலும் மிச்சமிருக்கும். இவ்வளவு பெரிய சுதந்திரத்தைக் கணக்கிடும் முறை பதினோராம் வகுப்புப் பாடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பத்தாம் வகுப்பில் வைத்திருந்தால் பையன் அதையும் விட்டிருப்பான் என்பது வேறு விஷயம்.

விடலில் மூன்று வகை உண்டு.

ஒன்று, சாப்டர் விடல். நூலில் எட்டு இயல்கள். உறவுகளும் சார்புகளும் முதலில் வருவதால் ஜூன் மாதத்து உற்சாகத்தில் எல்லோருக்கும் தெரியும். புள்ளியியலும் நிகழ்தகவும் கடைசியில் வருவதால் எவருக்கும் தெரியாது. திட்டவிலக்கத்துக்கு அட்டவணை போட வேண்டும் என்றதுமே அந்த இயலின் விதி முடிவாகிவிடுகிறது. இங்கே ஒரு விசித்திரம். "போன வருஷம் இதுல ரெண்டு ஃபைவ் மார்க் வந்துச்சு, அதுக்கு முந்தின வருஷமும் ரெண்டு, இந்த வருஷமும் ரெண்டுதான் வரும், மிச்சத்த வெச்சே பத்து தேத்திரலாம்" என்று மாணவன் வாதிடுகிறான். பழைய தரவைத் திரட்டி, வருவதைக் கணித்து, நட்டத்தை எடைபோட்டு அவன் செய்வது நிகழ்தகவேதான். நிகழ்தகவு இயலை விடுவதற்கு அவன் கையாளும் கருவி, விடப்பட்ட அந்த இயல்.

இரண்டு, வினா விடல். தேர்ச்சிக்கு 35 வேண்டும். வடிவியலும் வரைபடமும் 16. ஒரு மதிப்பெண் அத்தனையும் சரியென்றால் 14. ஆக 30. இன்னும் மூன்று இரண்டு மதிப்பெண்கள்; 36. இந்த வழியில் போகிறவன் ஐந்து மதிப்பெண் வினாக்கள் என்ற கண்டத்தையே மிதிக்காமல் கரையேறிவிடுவான். ஒரு மதிப்பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் என்ன ஆகும்? நாலில் ஒன்று வீதம் சராசரியாக மூன்றரை கிடைக்கும். அரை மதிப்பெண் எங்கிருந்து வரும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. 'தெரியலன்னா எல்லாத்துக்கும் இ போடு' என்பது ஒரு பள்ளி. 'மாத்தி மாத்திப் போடு' என்பது மறு பள்ளி. இரண்டுக்கும் சராசரி ஒன்றே என்று சொல்பவன் சென்டம் வகை; அவன் பேச்சு இங்கே எடுபடாது.

விடலியலின் ஒரே பெருவிதியும் இங்கேதான் பிறக்கிறது: விட்டது கட்டாய வினாவாக வரும். 28-உம் 42-உம் விடமுடியாதவை. ஆகவே எதை விட்டோமோ அது அங்கே போய் உட்கார்ந்திருக்கும். இதற்குக் கணித நிரூபணம் இல்லை. அனுபவச் சான்று மட்டும் மலைபோல் உண்டு (மேற்படி அத்தை, சமையலறை உரை, திருத்திய இரண்டாம் வடிவம், முதல் வடிவத்தில் குக்கர் விசிலால் ஒரு வரி சிதைந்தது, 'மாமாவும் இப்படித்தான்' என்று தொடங்கும் பகுதி மாமா வெளியூர் போனபின் சேர்க்கப்பட்ட இடைச்செருகல்).

மூன்று, படி விடல். இது கலையின் உச்சம். முக்கோணவியலில் 'நிறுவுக' என்று ஒரு முற்றொருமை. இடப்பக்கத்தை எழுதி இரண்டு வரி சுருக்கியதும் வழி அடைபட்டுப் போகும். உடனே பக்கத்தின் அடிக்குப் போய் வலப்பக்கத்தை எழுதி, அங்கிருந்து மேல்நோக்கி இரண்டு வரி விரிக்க வேண்டும். மேலிருந்து வந்ததும் கீழிருந்து வந்ததும் எதிரெதிரே நிற்கும்போது, நடுவில் மூன்று புள்ளி வைத்து 'எனவே'. திருத்துபவர் களைத்திருந்தால் முழு மதிப்பெண். விழித்திருந்தால் ஸ்டெப் மார்க். இம்முறையைக் குறைகூற இவ்வாய்வாளருக்கு மனமில்லை. முதல் பக்கத்தில் கருதுகோள், கடைசிப் பக்கத்தில் அதே கருதுகோள், நடுவே முந்நூறு பக்கத்துக்கு நீண்ட ஒரு 'எனவே' என்ற கட்டமைப்பில் முனைவர் பட்டம் வழங்கப்படும் நாட்டில், ஐந்து மதிப்பெண்ணுக்கு அதைச் செய்யும் பதினைந்து வயதுப் பையனை மட்டும் ஏன் பிடிக்க வேண்டும்?

7. வரைபடம்

எதையும் விடுகிறவன்கூட வரைபடத்தை விடமாட்டான். எட்டு மதிப்பெண். தாளின் மூலையில் அளவுத்திட்டம் எழுதி, அச்சுகள் வரைந்தாலே ஏதோ கிடைக்கும்.

எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் எக்ஸ் மைனஸ் 6 என்று வைத்துக்கொள்வோம். எக்ஸுக்கு மைனஸ் 3 முதல் 4 வரை அட்டவணை. மைனஸ் 3-க்கு 6 வருகிறது, சரி. மைனஸ் 2-க்கு வர்க்கம் 4 என்று வர வேண்டிய இடத்தில், இரவு பன்னிரண்டரை மணிக்கு, மைனஸ் 4 என்று விழுகிறது. விடை 0-க்குப் பதில் மைனஸ் 8. புள்ளி வைத்தாயிற்று. இப்போது இணைக்கும்போது கோடு 6-லிருந்து கிணற்றில் விழுந்து, மைனஸ் 8-ஐத் தொட்டு, மைனஸ் 4-க்குத் துள்ளி ஏறி, மறுபடி மைனஸ் 6-க்கு இறங்குகிறது. வலப்பக்கம் அழகாக வளைந்து மேலே போகிறது. பரவளையம் ஒரு கை முறிந்து கட்டுப் போட்டாற்போல் நிற்கிறது.

பையன் அட்டவணையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பென்சிலின் பின்னாலுள்ள ரப்பரால் அந்தப் புள்ளியைத் தேய்க்கிறான். பச்சைக் கட்டங்களும் கொஞ்சம் சேர்ந்து வருகின்றன. வலப்பக்கத்தில் 3-க்கு நேரே கோடு அச்சை வெட்டுவதைக் கண்ணால் அளந்து, இடப்பக்கத்திலும் வளைவின் அடியிலிருந்து ஏறத்தாழ அதே தூரத்தில் புதுப் புள்ளி வைக்கிறான். வளைவு சரியாகிறது. கடைசியாக அட்டவணைக்குப் போய் மைனஸ் 8-ஐ அடித்து 0 என்று எழுதுகிறான். தீர்வு: மைனஸ் 2, 3. சரியான விடை!

முதலில் வளைவு, பிறகு புள்ளி, கடைசியில் கணக்கு. தரவு கொள்கைக்கு ஒத்துவராதபோது தரவைத் திருத்தும் இந்த முறையில் மாணவன் முன்னோடி அல்லன். அவனுக்கு முன்னால் பெரிய பெரிய நாற்காலிகளில் பலர் அமர்ந்திருக்கிறார்கள்.

8. பெஞ்சுக் கல்வெட்டு

ஓரிரவுப் படிப்பின் எழுத்துச் சான்றுகள் தேர்வறையின் பெஞ்சுகளிலேயே கிடைக்கின்றன. இவ்வாய்வாளர் படித்த ஒரு சாசனம், காம்பஸ் முனையால் பொறிக்கப்பட்டு, நீலமையால் நிரப்பப்பட்டது. முதல் வரி தெளிவு: 'மூன்றில் ஒன்று பை ஆர் ஸ்கொயர் எச்'. கூம்பின் கனஅளவு. ஐயமில்லை. இரண்டாம் வரியில்தான் சிக்கல்: 'எஸ் + ஆர்'. அதைச் சுற்றி ஒரு வளைவு, அதன் கீழ்முனை கூராக.

இதில் இரண்டு பள்ளிகள். எஸ் என்பது தொடரின் கூடுதல், ஆர் என்பது பெருக்குத் தொடரின் பொது விகிதம், சுற்றியுள்ளது கவிழ்ந்த கூம்பின் உதவிப்படம் என்பது கணிதப் பள்ளி. எஸ் ஒரு பெயர், ஆர் ஒரு பெயர், சுற்றியுள்ளது இதயம் என்பது அகத்திணைப் பள்ளி. கூடுதலோடு பொது விகிதத்தைக் கூட்டும் சூத்திரமே பாடத்தில் இல்லையே என்று அகத்திணையார் கேட்டால், பையன் ஓரிரவில் படித்தவன், எதையும் கூட்டுவான் என்கிறார்கள் கணிதத்தார். இதயத்தில் அம்பு இல்லையே என்று கணிதத்தார் மடக்கினால், அந்த இடத்தில் பெஞ்சுச் சிராய் பெயர்ந்திருக்கிறது, அம்பு சிராயோடு போயிற்று என்கிறார்கள் அகத்திணையார் (மூன்றாம் பெஞ்சுச் சாசனம், இடப்பக்க ஓரம், மைப்படி எடுத்தது மாவு சலிக்கும் துணியால், 'எஸ்' என்பதை '5' என்று கொள்ளும் பாடபேதமும் உண்டு, அதை ஏற்றால் இது வெறும் ஐந்து மார்க் கேள்வி என்று முடியும், ஆனால் இரண்டு பன்னாட்டுக் கருத்தரங்குகள் வீணாகும் என்பதால் இருதரப்பாரும் சேர்ந்து மறுத்தனர், பன்னாடு என்றது கொழும்பிலிருந்து வந்த ஒருவரையும் அவர் வராததால் சூமில் தெரிந்த அவர் படத்தையும்).

9. முடிவுரை

ஓர் இரவில் கணக்கைப் படிக்க முடியாது. எதை விடுவது என்பதைப் படிக்க முடியும் என்பதை இவ்வாய்வின் வழி அறியமுடிகின்றது.

இனிப் பரிந்துரை. பரிந்துரை இல்லாத ஆய்வுக்கு நிதி இல்லை. அந்த இரவில் பையன் செய்த வேலைகளை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். எட்டு இயல்களை வேண்டியது, வேண்டாதது என்று கணங்களாகப் பிரித்தான். இரண்டு ஆண்டு வினாத்தாளை வைத்து வரப்போவதை ஊகித்தான். 35-க்குக் குறைந்த உழைப்பில் போகும் குறுக்குவழியைக் கண்டான். நண்பன் சொன்னதில் எத்தனை பங்கு உண்மை என்று மதிப்பிட்டான். இத்தனையும் கணக்கு; அதுவும் யாரும் சொல்லித்தராமல், தேவை அறிந்து, தானே போட்ட கணக்கு. வருஷம் முழுக்கக் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து படகைப் பார்க்கச் சொன்னபோது அவனுக்கு வராத கணக்கு, தன் தலைக்கு ஆபத்து என்றதும் தானாக வந்திருக்கிறது. பாடநூல் எழுதும் குழு இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எனவே, 100 மதிப்பெண்ணுக்கு ஒரே ஒரு வினா கேட்டால் போதும் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது: 'நேற்றிரவு எதையெல்லாம் விட்டாய்? காரணம் காட்டி நிறுவுக.' இதில் ஒருவரும் தோற்கமாட்டார்கள் என்பது ஆய்வாளர் துணிபு. ஆனால் அதற்கும் 'அல்லது' என்று இன்னொரு வினாவைப் பக்கத்தில் அச்சிட்டாக வேண்டும். சாய்ஸ் இல்லாத தாளை நம் பிள்ளைகள் தொடமாட்டார்கள்.